29-ஸி பஸ்ஸும் சொந்தக் காரும்

சென்னைப் பட்டணத்து நடுத்தரக் குடும்பங்களில், சம்பளம் கொஞ்சம் உயர்ந்து கையில் நாலு காசு மிஞ்சத் தொடங்கியதும் ஒரு விவாதம் கிளம்பிவிடுகிறது. சொந்தமாகக் கார் வாங்குவதா, அல்லது வழக்கம்போல் பஸ்ஸிலேயே போய்வருவதா என்பதுதான் விவாதம். குடும்பத் தலைவர் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசுவார். வீட்டு அம்மாள், ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரில் பஸ்ஸுக்காக நிற்கும் அவஸ்தையை எடுத்துரைப்பார். பாட்டியாரோ, கோயிலுக்குப் போய்வர வீட்டோடு ஒரு வண்டி இருந்தால் தேவலை என்பார். கார் வாங்க வேண்டும் என்பதில் குழந்தைகளுக்குச் சந்தேகமே கிடையாது. வண்டியின் நிறத்தைப் பற்றி மாத்திரமே அவர்களுக்குள் அபிப்பிராய பேதம்.

இந்த விவாதத்தில் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. அவரவர் தேவை அவரவருக்குத்தான் தெரியும். ஆனால் தீர்ப்புக்கு முன்னால் இரு கட்சி வாதங்களையும் கேட்பது நியாயஸ்தலங்களின் வழக்கம் அல்லவா? காரின் கட்சியைப் பேச விளம்பரக்காரர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். பஸ்ஸின் கட்சியைப் பேசத்தான் வக்கீல் இல்லை. ஆகையால் நேயர்களை ஒரு முறை பஸ்ஸிலேயே ஏற்றி, நகரின் வட பாகத்திலிருந்து தென் பாகம் வரையில் அழைத்துச் செல்வது என்று தீர்மானித்தோம்.

இதற்காக நாம் தேர்ந்தெடுத்தது 29-ஸி நம்பர் பஸ். பெரம்பூரில் புறப்பட்டு ஓட்டேரி, புரசைவாக்கம், டவுட்டன், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், ஜெமினி, லஸ், மந்தைவெளி, அடையாறு என்று நகரத்தை நெடுக்காக அளந்து, பெஸண்ட் நகரில் கடற்காற்று வீசும் இடத்தில் இளைப்பாறும் பஸ் அது. மெட்ரோ சுரங்க வேலைக்காகச் சாலைகளை அடைக்கும்போது வழி சற்று மாறுவதும் உண்டு. கூவம், அடையாறு ஆகிய நகரத்து ஆறுகள் இரண்டையும் அது தாண்டுகிறது. ஒன்றைத் தாண்டும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். மற்றொன்றைத் தாண்டும்போது, கடல்நீர் ஏறியிருக்கும் வேளையானால், ஜன்னல் பக்கம் எட்டிப் பார்க்கிறோம்.

ஆலை வாசலிலிருந்து

பெரம்பூர் உழைப்பாளிகளின் ஊர். ரயில்வே தொழிற்சாலைகளும், 1955-ல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பஸ் ஓட்டேரியை நெருங்கும்போது, பழைய மனிதர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால், "பி அண்டு ஸி மில் இங்கேதான் இருந்தது" என்று கை காட்டுவார்கள். பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற அந்த இரட்டை ஆலைகள் 1996-ல் மூடப்பட்டுவிட்டன. சங்கு ஊதிய இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் எழும்பியிருக்கின்றன.

அந்த ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918-ம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. நம் தேசத்தில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சரித்திரக்காரர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். சங்கத்தின் தலைவர் பி. பி. வாடியா. அவர் அடையாற்றுப் பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். அன்னி பெஸண்ட் அம்மையாரின் சகா. அம்மையாரோடு 1917-ல் உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டவர். உப தலைவர்களில் ஒருவர் நம் திரு. வி. கல்யாணசுந்தர முதலியார்.

இப்போது நேயர்கள் பஸ்ஸின் பாதையைச் சற்று மனத்தில் கொண்டுவர வேண்டும். புறப்படும் இடத்தில் அந்தத் தொழிலாளர்களின் பேட்டை. கடைசியில் அடையாற்றின் மேல் பஸ் ஏறிச் செல்வது திரு. வி. க. பாலம். பஸ் போய் நிற்கும் பேட்டைக்குப் பெயர் பெஸண்ட் அம்மையாருடையது. சுயராஜ்யக் கிளர்ச்சிக் காலத்தில் அடையாற்றுத் தோட்டத்தையும் பெரம்பூர் ஆலை வாசலையும் இணைக்க மனிதர்கள் பட்ட பாட்டை, இன்று 29-ஸி பஸ் சத்தம் போடாமல் நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறது. இதை எண்ணி யாரும் பஸ்ஸில் ஏறுவதில்லை என்பது வாஸ்தவம். எண்ணாமல் ஏறினாலும் பஸ் இணைத்துத்தான் வைக்கிறது.

கண்டக்டர் நடத்தும் சரித்திரப் பாடம்

காரில் போகிறவருக்கு வழி சொல்லக் கைபேசியில் ஒரு குரல் இருக்கிறது. "இருநூறு மீட்டரில் இடது பக்கம் திரும்பவும்" என்று அது சொல்லும். ஊர்ப் பெயரைப் பற்றி அதற்கு அக்கறை அதிகம் இல்லை. பஸ்ஸில் வழி சொல்பவர் கண்டக்டர். அவருக்கு எல்லாமே பெயர்தான்.

"புரசைவாக்கம்!" என்கிறார். புரச மரங்கள் நிறைந்திருந்த இடம் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். "டவுட்டன்!" என்கிறார். கல்விக்காகத் தம் சொத்தை எழுதிவைத்த ஜான் டவுட்டன் என்ற ஆங்கிலோ இந்தியக் கனவானின் நினைவு அது. "ஜெமினி!" என்று கூவியதும் பாதிப் பஸ் காலியாகிறது. 1940-களில் எஸ். எஸ். வாசன் சினிமாப் படங்களைப் பிடித்துத் தள்ளிய ஜெமினி ஸ்டூடியோ அங்கே இல்லை. 1973-ல் கட்டிய மேம்பாலத்துக்கு அண்ணாவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஆனாலும் பஸ் பிரயாணிகளின் வாயில் அது ஜெமினிதான். மந்தைவெளி தாண்டியதும் வரும் சத்யா ஸ்டூடியோ நிறுத்தமும் அப்படியே. எம். ஜி. ஆரின் ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது பெண்கள் கல்லூரி நடக்கிறது.

"லஸ்!" என்ற ஓரெழுத்துக்கும் சற்று மேற்பட்ட பெயரில் நூற்றாண்டுகள் ஐந்து அடங்கிக் கிடக்கின்றன. போர்த்துக்கீசிய பாஷையில் அதற்கு வெளிச்சம் என்று அர்த்தம். 1516-ல் கட்டப்பட்ட பிரகாச மாதா ஆலயம் அந்தப் பெயரைக் கொடுத்தது. அடுத்தாற்போல் வரும் மந்தைவெளியோ மயிலாப்பூர் மாடுகள் மேய்ந்த வெளி. மாடுகளும் போயின, வெளியும் போயிற்று. பெயரைக் கண்டக்டர் காப்பாற்றி வருகிறார். கல்வெட்டில் பொறித்துவைத்த பெயர்களைக்கூட ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள். பஸ் நிறுத்தத்தின் பெயரை மட்டும் மறக்க முடிவதில்லை. மறந்தால் வீடு போய்ச் சேர முடியாதே!

கதீட்ரல் ரோட்டில் ஒரு கனவு

ஜெமினிக்கும் மயிலாப்பூருக்கும் நடுவே பஸ் கதீட்ரல் ரோட்டில் செல்கிறது. இங்கே இப்போது ஒரு பெரிய ஹோட்டல் நிற்கும் மனையில், 1919-ல் ஒரு பங்களா இருந்தது. கஸ்தூரிரங்க ஐயங்காருக்குச் சொந்தமான அந்த வீட்டில் ராஜாஜி குடியிருந்தார். அவ்வருஷம் மார்ச்சு மாதத்தில் காந்தியடிகள் அங்கே வந்து தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்ப்பது எப்படி என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு நாள் விடியற்காலை, தூக்கமும் விழிப்பும் கலந்த நிலையில், தேசம் முழுவதும் ஹர்த்தால் நடத்தலாம் என்ற யோசனை அவருக்கு உதயமாயிற்று. ஏப்ரல் 6-ந் தேதி நாடு முழுதும் கடைகள் மூடின. பாரதியார் காந்தியடிகளைக் கண்டதும் அந்த வீட்டில்தான் என்று வ. ரா. எழுதி வைத்திருக்கிறார்.

காந்தியடிகளின் பெயர் இங்கே வந்தது நம் விவாதத்துக்கும் அனுகூலமாயிற்று. அவருடைய பிரயாண விஷயத்தைச் சற்றுப் பொறுத்துச் சொல்லுகிறோம்.

கைமாறும் காசு

முதலில் பஸ்ஸுக்குள் பார்ப்போம். காலை எட்டு மணிக்கு மேல் புரசைவாக்கத்தில் ஏறுகிறவருக்கு உட்கார இடம் கிடைப்பது பூர்வ புண்ணிய வசம். நிற்க இடம் கிடைப்பதற்கும் கொஞ்சம் புண்ணியம் வேண்டும். கண்டக்டர் தம் ஆசனத்தை விட்டு நகர முடியாத கூட்டம். முன்பக்கம் ஏறின ஒருவர் ரூபாய் நோட்டைப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுகிறார். "அடையாறு ஒன்று" என்ற சொல்லும் நோட்டும் சேர்ந்து ஆறேழு கைகள் வழியாகப் பின்னால் பிரயாணம் செய்கின்றன. டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே ஆறேழு கைகள் வழியாகத் திரும்பி வருகின்றன. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் யார், என்ன ஜாதி, எந்த ஆபீஸ் என்று யாருக்கும் தெரியாது. பணம் போய்ச் சேருமா என்று கழுத்தைத் திருப்பிப் பார்ப்பவரும் இல்லை. கண்டக்டரிடம் இப்போது சிறு இயந்திரம் வந்து, கைபேசி மூலமும் கட்டணம் செலுத்தலாம் என்று ஆகியிருக்கிறது. ஆயினும் இந்தக் கைமாற்று வழக்கம் மறைந்துவிடவில்லை.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று சர்க்கார் உத்தரவு செய்திருக்கிறது. அதனால் பஸ்ஸின் முகமே சற்று மாறிவிட்டது. பூக்கூடையோடு ஒருவர், வீட்டு வேலைக்குப் போகிற ஒருவர், ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு பேத்தியுடன் வரும் மூதாட்டி ஒருவர். முன்னெல்லாம் போகலாமா வேண்டாமா என்று காசை எண்ணிப் பார்த்தவர்கள், இப்போது எண்ணாமல் ஏறுகிறார்கள். டிரைவரின் தலைக்கு மேலே பல பஸ்களில் திருக்குறள் எழுதியிருக்கும். அதைப் படித்துப் பொருள் சொல்ல முயலும் பள்ளிக்கூடத்துப் பையனையும், அவன் சொல்லும் பொருளைத் திருத்தும் ரிடையர் ஆன வாத்தியாரையும் இதே பஸ்ஸில் காணலாம்.

காரின் கட்சி

இவ்வளவும் கேட்டுவிட்டுக் கார்க்காரர் கேட்பார்: "எல்லாம் சரி ஐயா! என் தாயாருக்கு முழங்கால் வலி. அந்தப் படியில் அவரை எப்படி ஏற்றுவது? ராத்திரி பத்து மணிக்கு ஆபீஸிலிருந்து வரும் என் பெண்ணை எந்த நிறுத்தத்தில் காக்க வைப்பது?"

நியாயமான கேள்விகள். நோயாளிக்கும், கைக்குழந்தைக்காரிக்கும், அகாலத்தில் திரும்புகிறவருக்கும் சொந்த வண்டி பெரும் உபகாரம். நினைத்த நேரத்தில் புறப்படலாம். சாமான்களை ஏற்றலாம். மழை மேலே பெய்ய, குளிர்ந்த காற்று உள்ளே வீச, பாட்டுக் கேட்டுக்கொண்டே போகலாம். இவற்றைச் சிறு விஷயம் என்று சொல்பவர் பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்திராதவர்.

ஆனால் பெரம்பூரிலிருந்து அடையாற்று ஆபீஸுக்குத் தினந்தோறும் ஒற்றை ஆளாகக் காரில் போய்வருவதன் கணக்கைச் சற்றுப் பார்க்க வேண்டும். போக வர முப்பது கிலோமீட்டர் என்றும், நகர நெருக்கடியில் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்றும், பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 250 ரூபாய். மாதம் 25 நாளைக்கு 6,250 ரூபாய். கடன் தவணை, இன்ஷூரன்ஸ், பழுது பார்ப்பது, வண்டி நிறுத்தும் கூலி எல்லாம் இதற்கு மேல். நினைத்த இடத்துக்குப் போய்வரும் மாதாந்தரப் பஸ் பாஸுக்கு 1,000 ரூபாய் என்று இருந்து வருகிறது.

பணம் அவரவர் பாடு. சாலை அப்படி அல்ல. அது எல்லோருக்கும் சொந்தம். ஒரு பஸ்ஸின் நீளம் சுமார் 12 மீட்டர். நிற்பவர்களையும் சேர்த்து அதில் அறுபது பேர் தாராளமாக இருப்பார்கள். அந்த அறுபது பேரும் இருவர் இருவராகக் காரில் புறப்பட்டால் முப்பது கார்கள் வேண்டும். கார் ஒன்றுக்கு 4 மீட்டர் வைத்தாலும், ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றால்கூட, 120 மீட்டர் சாலை போயிற்று. 'பஸ் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது' என்று ஹாரன் அடிக்கும் கனவான், தமக்கு முன்னால் நிற்பது முப்பது கார்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிடுவார்.

இறங்கிப் போனவர்கள்

கணக்கைக் காட்டிலும் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

சென்னையில் 1895 முதல் 1953 வரையில் மின்சார டிராம் ஓடிற்று. 1947-ல் சர்க்காரே நகரத்தில் பஸ் விட ஆரம்பித்தது. 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது. அந்த நாட்களில் ஹைகோர்ட்டுக் குமாஸ்தாவும், காலேஜ் ஆசிரியரும், பாங்க் உத்தியோகஸ்தரும், ஆலைத் தொழிலாளியும் ஒரே நிறுத்தத்தில் நின்றார்கள். பஸ் தாமதமானால் எல்லோருக்கும் தாமதம். பத்திரிகைக்கு ஆசிரியர் கடிதம் எழுதுவார்; குமாஸ்தா மனுப் போடுவார்; உத்தியோகஸ்தருக்குத் தெரிந்த பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் இருப்பார். ஆக, தொழிலாளியின் பஸ்ஸும் நேரத்துக்கு வந்தது.

பிறகு ஸ்கூட்டர் வந்தது, கார் வந்தது. கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். அவர்கள் இறங்கியதால் கூட்டம் குறைந்துவிடவில்லை; குறை சொல்லும் குரல்தான் குறைந்தது. நிழற்குடையின் கூரை பெயர்ந்தால் கேட்பார் இல்லை. நிறுத்தத்துக்கு நடந்து போக நடைபாதை இல்லாவிட்டால் கேட்பார் இல்லை. லட்சக்கணக்கான ஜனங்கள் ஏறும் இப்பெரிய நகருக்கு இருப்பது மூவாயிரத்துச் சொச்சம் பஸ்கள். இன்னும் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டியவர்கள், மேம்பாலம் ஏன் இன்னும் அகலமாக இல்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் அத்தாட்சி இருக்கிறது. உயர்ந்த படிகளில் ஏற இயலாத மாற்றுத் திறனாளிகள் சிலர் விடாப்பிடியாக நீதிமன்றத்தில் வழக்காடினார்கள். அதன் பயனாக 2024-ல் சென்னையில் தாழ்தளப் பஸ்கள் ஓடத் தொடங்கின. 2025-ல் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து மின்சாரத்தில் ஓடும் தாழ்தளப் பஸ்களும் புறப்பட்டன. சக்கர நாற்காலிக்காகப் போராடி வாங்கிய அந்தத் தாழ்ந்த தளத்தில், முழங்கால் வலிக்கார மாமியும் கைக்குழந்தைக்காரியும் சுலபமாக ஏறுகிறார்கள். கார்க்காரரின் முதற் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள், பஸ்ஸைத் தவிர வேறு கதியில்லாத அந்தச் சிலர்தாம்.

மூன்றாம் வகுப்பு

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து இடையில் தாய்நாட்டுக்கு வந்திருந்த காலத்தில், 1902-ல், கல்கத்தாவிலிருந்து ராஜ்கோட்டுக்கு மூன்றாம் வகுப்பு ரயிலில் புறப்பட்டார். வழியில் சாப்பிட ஒரு சம்புடத்தில் பூரியும் இனிப்பும் வைத்துக் கொடுத்து வழியனுப்ப வந்தவர் கோகலே. அந்தப் பிரயாணத்தின் கஷ்டங்களைச் சுயசரிதையில் விவரிக்கும் காந்தியடிகள், படித்தவர்கள் மூன்றாம் வகுப்பிலேயே போக வேண்டும், ஜனங்களின் பழக்கங்களைத் திருத்த வேண்டும், ரயில்வே அதிகாரிகளையும் புகார் எழுதி எழுதித் தூங்கவிடாமல் அடிக்க வேண்டும் என்று யோசனை சொல்லுகிறார். 1917-ல் மூன்றாம் வகுப்பு ரயில் பிரயாணத்தைப் பற்றித் தனியாகவும் எழுதினார்.

கஷ்டப்படுவது ஒரு புண்ணியம் என்பதற்காக அவர் இதைச் சொல்லவில்லை. பேசத் தெரிந்தவன் ஏறாத வண்டியைத் திருத்த ஆள் இருக்காது என்பதற்காகச் சொன்னார். அன்றைய ரயிலுக்குப் பொருந்தியது இன்றைய 29-ஸி பஸ்ஸுக்கும் பொருந்தும். அன்று அதிகாரிகள் அந்நியர்கள். இன்று அவர்கள் நம் ஓட்டுக்குக் கட்டுப்பட்டவர்கள். கேட்பது இன்னும் சுலபமாக அல்லவா இருக்க வேண்டும்?

ஆகவே, கார் வாங்க நினைக்கும் குடும்பத்தார் தாராளமாக வாங்கட்டும். பாட்டியாரைக் கோயிலுக்கு அழைத்துப் போகட்டும். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டும். ஆனால் ஒற்றை ஆளாக ஆபீஸ் போகும் நாட்களில், வாரத்துக்கு இரண்டு நாளாவது பஸ் நிறுத்தத்தில் போய் நிற்கட்டும். பஸ் வர எவ்வளவு நேரமாயிற்று, நிறுத்தத்தில் நிழல் இருந்ததா, விளக்கு எரிந்ததா, பெண்கள் அச்சமின்றி நிற்க முடிந்ததா என்று குறித்துவைத்து, உரியவர்களுக்கு எழுதட்டும். வார்டு உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வரும்போது, அந்தக் குறிப்பை அவர் கையில் கொடுக்கட்டும்.

குழந்தைகளுக்கும் ஒரு வேலை சொல்லுகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அவர்களைப் பெரம்பூரில் பஸ் ஏற்றிப் பெஸண்ட் நகர் வரையில் அழைத்துப் போங்கள். வழி நெடுகக் கண்டக்டர் கூவும் பெயர்களை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மாலை கடற்கரை மணலில் உட்கார்ந்து, சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் உள்ள கதையைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு காரின் நிறத்தைப் பற்றிய விவாதத்தை அவர்கள் மறுபடி ஆரம்பிக்கக்கூடும். ஆரம்பிக்கட்டும்; திரும்பி வருவதற்கும் 29-ஸி பஸ் இருக்கிறது, வீடு வந்து சேருகிற வரையில் விவாதிக்கலாம்.